ஆடிக் கூழ் பேனரில் நீ போட்ட நீலக் கோடு

நூம்பல்
ஆவணி 22

அன்பு மகள் ஜோதிகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், டேராடூன் மழையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைக்காதே, போனில் என் குரல் நடுங்குவதை நீ கண்டுபிடித்துவிடுவாய், பக்கத்தில் அப்பாவும் இருப்பார்.

உன் நில அளவைப் படிப்புக்காக நம் ஏரியின் பழைய கரையைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் நீலக் கோடாகப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினாய் அல்லவா, அதை அப்பா என்ன செய்தார் என்று உன்னிடம் சொல்லவே பயந்துகொண்டிருந்தோம். ஆடிக் கூழ் ஊற்றியபோது உன் போட்டோவுக்குப் பின்னால் அந்தப் படத்தைப் போட்டு, எம்.டெக். படிக்கும் எங்கள் தெருவின் மகள் என்று பத்தடிக்குப் பேனர் அடித்துக் கோயில் வாசலில் கட்டிவிட்டார். போனில் விரலளவு இருந்தது பேனரில் ஆளுயரம் ஆகிவிட்டது. கூழுக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவரவர் மொட்டை மாடியைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள், பிறகு அது கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்தார்கள், சிரிப்பு நின்றுவிட்டது. பதினெட்டு வீடு ஏரிக்குள் இருக்கிறது, நம்முடையது ஒன்பதாவது. யாரோ போட்டோ எடுத்தார்கள். போன செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீஸிலிருந்து அளக்கிறவர்கள் வந்து மூன்று கால் வைத்த கருவியை நிறுத்தி அளந்து, ஏரி ஆக்கிரமிப்பு என்று நம் கேட் தூணிலும் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டுவிட்டுப் போனார்கள். பேனரைப் பார்த்துத்தான் வந்தார்களா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் தெருவில் எல்லோரும் தெரிந்த மாதிரிதான் பேசுகிறார்கள், தண்ணீர் பிடிக்க நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. அப்பா பேனரைக் கிழிக்க மனமில்லாமல் மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டு அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட் சத்தம் கேட்டாலே நான் ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

நேற்று தெருச் சங்கத்து ஜம்புலிங்கம் மாமா வந்தார், அவர் வீடும் பதினெட்டில் ஒன்று. இன்னாம்மா, ஒரு கோடுதானே, உம் பொண்ணாண்ட சொல்லி இருபது அடி அந்தாண்ட தள்ளிப் போடச் சொல்லு, காலேஜ்ல அவ எழுதிக் குடுக்கிற புக்குல அப்டி இருந்தா நாம அதைக் காட்டிப் பேசிக்கலாம், நம்ம புள்ளையே நம்மளக் கவுக்கலாமா என்றார். கேட்கிறேன் என்று சொன்னேன், இதோ கேட்டாகிவிட்டது, அவருக்குக் கொடுத்த வாக்கு முடிந்தது.

இனி நான் சொல்வது. அஸ்திவாரம் தோண்டியபோது கறுப்புச் சேற்றில் கூடை கூடையாக நத்தை ஓடு வந்தது, நான்தான் அள்ளிக் கொட்டினேன், இது ஏரி மண் என்று உன் அப்பாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை. வெள்ளத்தில் தண்ணீர் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை வந்து நின்றது, உன் கோடும் அங்கேதான் நிற்கிறது. அம்பத்தூர் கம்பெனியில் பதினாறு வருஷமாகக் கேஜ் வைத்து அளவு பார்க்கிறேன், மயிரிழை கூடினாலும் ரிஜெக்ட்தான், சூப்பர்வைசர் கெஞ்சியும் பாஸ் போட்டதில்லை. உன்னை மட்டும் தள்ளிப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீடு போனால் எங்கே போவோம் என்று தெரியாது, அப்பா தாங்குவாரா என்றும் தெரியாது. ஆனாலும் எங்களுக்காக நீ அந்தக் கோட்டைத் தொடாதே.

மாரியாத்தா உன்னைக் காக்கட்டும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே. அப்பாவிடம் பேனர் நன்றாக இருந்ததாம் என்று மட்டும் சொல், வேறெதுவும் கேட்காதே. தீபாவளிக்கு வரும்போது நேராகத் தெருவுக்குள் வந்துவிடாதே, வேலப்பன்சாவடியில் இறங்கிப் போன் செய், நான் வந்து உன்னோடு நடக்கிறேன்.

உன் அம்மா
பொன்னியம்மா