நான்காவது டியூனின் பூர்வீகம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ மழை பெய்ததா என்று கேட்பாய், நான் பதில் சொல்லி வைத்துவிடுவேன். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் போகிறது. அதனால் கடிதம்.

நீ எலக்ட்ரிக் பியானோ வாசித்த நம் பாண்டின் ஒரே இசைத்தட்டை ஒரு கம்பெனி மறுபடி வெளியிடப் போகிறது. ஜாஸ் ஃப்யூஷனுக்கு இப்போது மவுசு திரும்பியிருக்கிறதாம். அன்றைக்கு நீங்கள் ஜாஸையும் ராக்கையும் கையில் கிடைத்ததையும் கலந்து வாசித்தபோது சொந்தக்காரர்கள்கூட வாங்கவில்லை. ஆறு டியூன்களும் எந்த நாளில், எத்தனையாவது தடவை வாசித்த டேக்கில் பதிவாயின, எங்கிருந்து வந்தன என்று எழுதித் தர வேண்டும். ஒலிப்பதிவு செய்தவன் நான் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று வேறு யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று வாரமாக அவர்கள் ஆபீஸின் பின்னறையில் உட்கார்ந்து பழைய டேப் ஸ்பூல்களைக் கேட்டேன். ஜன்னல் கிடையாது, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. முதல் டியூனின் கரகரப்பு பெரிய உத்தி என்று ரசிகர்கள் எழுதுகிறார்களாம். கிடார்காரரின் ஸ்பீக்கர் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது, அவர் மனைவி குழந்தையைத் தூங்க வைக்கப் பாடியது. அதை இவர் வாசித்த வேகத்துக்குக் குழந்தை எழுந்து உட்கார்ந்திருக்கும். மூன்றாவதுக்குப் பூர்வீகமே இல்லை. மீதி டேப்பை நிரப்ப வாசித்தார்கள்.

நான்காவதுதான் இன்றைக்கும் எல்லோரும் வாசிப்பது. தாளத்துக்கு ஏழு தட்டு, ஏழாவது கொஞ்சம் இழுத்துக்கொண்டு விழும். அட்டையில் இயற்றியவர் என்று சாக்ஸபோன் வாசித்த நம் நெட்டையின் பெயர் இருக்கிறது. ரயில் சக்கரச் சத்தத்தில் பிறந்த டியூன் என்று அவர் பேட்டிக்குப் பேட்டி சொல்லியிருக்கிறார். எந்த ரயில் ஏழாவது தட்டுக்கு நொண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அது அம்மாவின் தையல் மிஷின். பெல்ட் தளர்ந்து, ஆறு தையல் ஒழுங்காக ஓடி ஏழாவதில் வழுக்கும். மாற்றச் சொன்னால், ஓடுற வரைக்கும் ஓடட்டும் என்பாள். நீ பக்கத்து அறையில் அதற்குச் சரியாக மேசையைத் தட்டிக்கொண்டே பாடம் படிப்பாய்.

இசைத்தட்டு வந்த அன்று ஸ்டுடியோ முன்னறையில் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் என்னைத்தான் கேட்டாய். "அண்ணா, இது என் டியூன்னு உனக்குத் தெரியும்ல, சொல்லு" என்றாய். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். மறுநாளிலிருந்து நீ வரவில்லை. எலக்ட்ரிக் பியானோவை யாருக்கோ கொடுத்துவிட்டாய் என்று பிறகு அம்மா சொன்னாள்.

பெயர் மாறியது சின்ன விஷயத்தில். ஸ்பூல் பெட்டியின் மேல் பெயர் எழுத ஒரே ஒரு கோடுதான். அன்றைக்கு ஸ்டுடியோவை யார் வாடகைக்குப் பிடித்தார்களோ அவர் பெயரை அதில் எழுதுவது என் வழக்கம். பிறகு தேட எளிது. மற்ற நாட்களில் டியூன்காரரே பிடித்ததால் தவறு வரவில்லை. அன்று பிடித்தவர் நெட்டை. பெட்டியில் இருந்ததை அப்படியே அட்டையில் அச்சடித்துவிட்டார்கள்.

போன வாரம் நெட்டையைப் பார்க்கப் போனேன். பல் போய்விட்டதால் அவர் இப்போது வாசிப்பதில்லை. சண்டை போடத்தான் போனேன். அவரோ சாவகாசமாக, "ரயில் கதை நான் விட்டதுதான்யா, ஒத்துக்கறேன். ஆனா பெட்டியில என் பேரை எழுதினது நானா? அது உன் கையெழுத்து" என்றார். பெயரை மாற்ற ஆட்சேபம் இல்லை என்று எழுதியும் கொடுத்தார். பழியை இறக்கி வைக்கப் போனவன் அதைச் சுமந்துகொண்டே வீடு திரும்பினேன்.

ஆட்கள் தயாராகும் முன்பே டேப்பை ஓடவிடுவேன், டேப்பைத் தின்னும் பூதம் என்று நீ என்னைக் கேலி செய்வாய். அந்தப் பழக்கம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நான்காவதின் ஸ்பூலில், முதல் டேக்குக்கு முன்னால் நீ தனியாக அந்த ஏழு தட்டையும் வாசிக்கிறாய். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் ஒரு குரல்: "என்ன தங்கச்சி, அம்மா மிஷினை இங்கயே கொண்டு வந்துட்டியா? உன் டியூன் நல்லாருக்கு, அப்படியே வாசி." பக்கத்தில் இருந்த கம்பெனிப் பெண் யார் சார் பேசுறது என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

நீ கேட்ட அன்று எனக்கு ஞாபகம் இருந்தது. நெட்டை அடுத்த மூன்று மாதத்துக்கு ஸ்டுடியோவைப் பிடித்திருந்தார், ஸ்டுடியோ முதலாளி பக்கத்தில் நின்றார். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று இத்தனை வருடம் தேடிப் பார்த்தேன். இல்லை.

இயற்றியவர் இடத்தில் உன் பெயரையும், பூர்வீகம் என்ற இடத்தில் அம்மாவின் தையல் மிஷினையும் எழுதிவிட்டேன். தவறாக எழுதியது யார் என்பதற்கும் ஒரு வரி இருக்கிறது. உன் கையெழுத்து வேண்டுமாம். தாள் இத்துடன் இருக்கிறது. அடுத்த மாத முடிவுக்குள் வராவிட்டால் பழைய பெயரே அச்சாகும் என்கிறார்கள். என் மேல் உள்ள கோபத்தை அந்தத் தாளில் மட்டும் காட்டாதே.

அந்தப் பதிவின் பிரதி ஒன்றும் இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பதினோரு நொடி நீ மட்டும்தான். பன்னிரண்டில் என் குரல் வரும். வெட்டி எடுத்துவிடலாம் என்று கை போனது, வெட்டவில்லை. கேட்கப் பிடிக்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிடு. உன்னுடையது அதற்குள் முழுதாக இருக்கிறது.

குறைவில்லாமல் நன்றாக இரு.

உன் அண்ணன்