காலை இழுத்துக்கொண்ட செல்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். அப்பாவுக்கு முக வீக்கம் வடிந்ததா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஆய்வகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கிட்னியில் ரத்தத்தை வடிகட்டும் செல்களைத் தட்டில் வளர்க்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? அவற்றுக்குக் குட்டிக் கால்கள் உண்டு. கால்களைக் கோத்துக்கொண்டு நின்றால்தான் வடிகட்டி ஒழுகாது. லீவில் அப்பாவிடமிருந்து எடுத்துவந்த ரத்தத்தின் தெளிநீரை அவற்றின் மேல் விட்டேன். மறுநாள் பார்த்தால், எல்லாம் காலை இழுத்துக்கொண்டு சுருண்டு கிடந்தன.

"கை தவறியிருக்கும், திரும்பப் பண்ணு" என்றார் சீனியர் அக்கா. பண்ணினேன். என் ரத்தத்தை விட்ட தட்டு நன்றாக இருந்தது. அப்பாவுடையதில் மறுபடி அதே கதி.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "அவர் கிட்னி மேல தப்பில்லம்மா. ரத்தத்துல வர்ற ஏதோ ரசாயனம்தான் அதுங்களக் கால எடுக்கச் சொல்லுது" என்றார்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "என் கிட்னியில ஒண்ண எடுத்து அவருக்கு வெச்சிடுங்க" என்று டாக்டரிடம் சொன்னாயே, அதுவும் அதே ரத்தத்தில்தானே போய் உட்காரும்? அதன் செல்களும் காலை இழுத்துக்கொள்ளாதா?

ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல். டாக்டரிடம் நான் பேசுகிறேன். வேறு வழி என்ன என்று மட்டும் கேட்காதே. எனக்குத் தெரியவில்லை.

இனி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசு. வீட்டில் டிவி ஓடும் சத்தமாவது கேட்கட்டும். தலைக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது, அனுப்பு.

செல்களுக்குச் சத்துநீர் மாற்றும் நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். அப்பாவிடம் மூச்சு விடாதே. நான் வரும்போது நீயாவது முழுசாக இரு.

உன்
சின்னவள்