சுரண்டச் சுரண்ட இறுகும் எஃகு

உப்பளம், சனிக்கிழமை இரவு.

மகள் விமலாவின் சக்கர நாற்காலியில் இரண்டு அச்சும் வளைந்து ஒரு வாரமாகிறது. அந்த அளவு கடையில் இல்லை. நானே செய்கிறேன் என்று மனைவியிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். மூன்று நாளாக வீட்டில் வைத்திருக்கும் என் சின்ன கடைசல் லேத்தில் அந்த ஸ்டெயின்லெஸ் கம்பி கிறீச்சிட்டதே தவிர, துளியும் குறையவில்லை.

மத்தியானம் மேல்வீட்டு ஸ்டெல்லா கதவைத் தட்டினாள். சேதராப்பட்டு மெஷின் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். “தூங்கவே முடியலண்ணே” என்று சண்டைக்கு வந்தவள், லேத்தைப் பார்த்ததும் நைட்டிமேல் கிடந்த துண்டை எடுத்து வைத்தாள். முடியை இறுக்கிக் கொண்டை போட்டாள். கம்பியைத் தடவிப் பார்த்தாள்.

“பயந்து பயந்து சுரண்டுறீங்க. சுரண்டச் சுரண்ட இது இறுகிப்போவும். எறங்குனா ஒழுங்கா எறங்கணும்.”

வெட்டும் டூலை உள்ளே தள்ளி இறுக்கி மாட்டினாள். வேகத்தைக் குறைத்தாள். இறுகிய மேல்தோலுக்கு அடியில் போகும்படி, நான் துணியாத ஆழம் கொடுத்தாள். கிறீச்சே இல்லை. சீவல் நீளமாகச் சுருண்டு விழுந்தது. என்ன கை அது!

“இன்னொண்ண நீங்களே போடுங்க. ஆனா நான் வேலைக்குப் போனப்புறம்” என்று கொட்டாவியோடு மாடி ஏறினாள்.

கம்பெனி பஸ் போனதும் போட்டேன். அவள் கொடுத்த ஆழமே கொடுத்தேன், கம்பி கத்தவில்லை. இரண்டு அச்சையும் மாட்டியதும் விமலா தானே உருட்டிக்கொண்டு கேட்வரை போய் வந்தாள்.

ஸ்டெல்லாவிடம் சொல்ல ஃபோனை எடுத்தேன், வைத்துவிட்டேன். என்னால் கெட்ட தூக்கத்தோடு, இந்த அறையைவிடப் பெரிய மெஷின் முன்னால் இந்நேரம் நின்றுகொண்டிருப்பாள்.