இடது கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி

குட்டியோட அம்மாவுக்கு,

நீயும் குட்டியும் சுகம்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கேன்னு பதறாதே, இடது கையால எழுதறேன்.

இங்க ஆறு மாடிச் சுவத்துல ஒரு பெண்குழந்தை முகம் வரைஞ்சோம். ஆளுக்கொரு கட்டம், எனக்கு இடது கண்ணு. சாரத்துல நிக்கிறவனுக்கு முழு முகம் எங்க தெரியும்? உயிர் வரட்டும்னு ஒரு வெள்ளைப் புள்ளி வெச்சேன். கீழேர்ந்து பார்த்தா அது கண்ணீராத் தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான், தெருவே ரெண்டாயிடுச்சு. போன கலவரத்துல செத்த எங்க பிள்ளைன்னு ஒரு கூட்டம், நீங்க கொன்ன எங்க பிள்ளைன்னு இன்னொரு கூட்டம். கம்பியோட வந்து மேஸ்திரியைக் கீழே இழுத்துப் போட்டு வாயிலேயே மிதிச்சாங்க. பல்லெல்லாம் தரையில கிடந்துச்சு. என் வலது கையில ஒரு அடி, போன் சுக்குநூறு.

"யார் பிள்ளைடா இது?"ன்னு ஒருத்தன் என் தலைக்குக் கம்பியை ஓங்கினான். முதலாளி எங்கேர்ந்தோ கொண்டுவந்த படம், எனக்கென்ன தெரியும்? "என் பிள்ளைதாங்க!"ன்னு கத்திட்டேன்.

கம்பி அப்படியே நின்னுச்சு. "போட்டோ காட்டு, மறுபடி வருவோம்"னு போயிட்டாங்க.

மத்தபடி ஒரு குறையும் இல்லை. இதைக் கொண்டு வர்றவன்கிட்ட என் பழைய போர்வையும் குட்டி போட்டோவும் குடுத்துவிடு. அவளைச் சிரிக்கவிடாதே. கொஞ்சம் அழவெச்சு எடு.

அவசரத்துல,
குட்டி அப்பா