கீழே பாதித் தாள் உனக்கு

வாண்டுவின் அம்மாவுக்கு,

நீ தூங்குகிறாய், எழுப்பத் தைரியமில்லை. லீவு கேட்டேன், தரவில்லை. வேலைக்குக் கிளம்புகிறேன்.

சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. குழாய்க்காரர் காலையில் வருவார். குளியலறைக் குழாயையும் பார்க்கச் சொல். உன் போன் சார்ஜரை அலமாரி மேல் ஒளித்தது நான்தான். மேசையில் வைத்துவிட்டேன். புத்திகெட்ட வேலை.

தினமும் விடிந்ததும் நீ போனில் ஊரே படிக்க எழுதிப் போடுவதை நிறுத்தச் சொல்லி ராத்திரி கத்தினேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை. நேற்று லிஃப்ட் ரிப்பேர் செய்கிற இடத்தில் ஸ்டோர்காரன் எல்லார் முன்னாலும் கேட்டான்: "என்னண்ணே, அண்ணி நாளைக்கு வாண்டைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டோட போயிடறாங்களாமே? எழுதியிருக்காங்களே! இனிமே உங்களுக்கு ஓட்டல் சாப்பாடுதானா?"

"தெரியும், தெரியும்" என்று சிரித்துவைத்தேன். அப்புறம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, வேலை இருப்பதுபோல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ எழுதுவதை நிறுத்தாதே. ஊருக்கெல்லாம் எழுது. அதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுது. நீ பேசினால் நான் காது கொடுப்பதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதினால் படிப்பேன். கீழே பாதித் தாளை விட்டிருக்கிறேன். திட்டியாவது எழுது. போகாதே.

(விட்டுப்போனதை ஓரத்தில் எழுதுகிறேன், உன் பாதியில் கை வைக்கவில்லை.) வாண்டுவின் செருப்பு வாரைத் தைத்துவிட்டேன்.

என் சாவியை ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போகிறேன். சாயங்காலம் வந்து மணி அடிப்பேன். நீதான் கதவைத் திறக்க வேண்டும்.