நான் பார்க்காத ஒரு நிமிடம்

பிப்ரவரி 4
குட்டிக்கு ஜுரம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நெற்றியைத் தொடுகிறேன். "நீ தொட்டுத் தொட்டே சூடேத்திடுவே" என்கிறார் இவர்.
தபாலில் ஆய்விதழ் வந்தது. அமெரிக்க அடிமைமுறையை மூன்று படங்கள் எப்படிக் காட்டுகின்றன என்று ஒரு கட்டுரை. குட்டி பிறந்த மாதம், ஒரு கையில் குழந்தையும் மறுகையில் பேனாவுமாக நான் எழுதியது. மேலே என் ஆராய்ச்சிக் கைடு பெயர். வீட்டில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மீசை. என் பெயர் நன்றிக் குறிப்பில்கூட இல்லை.

பிப்ரவரி 5
வரிக்கு வரி என்னுடையது. முதல் படத்தில் எஜமானியின் கவுனில் விழும் வெளிச்சத்தில் பாதிகூட, அதைத் துவைத்தவள்மேல் விழவில்லை — நான் எழுதினது. இரண்டாவதில் நல்ல வக்கீல் வரும்வரை அடிமைகளுக்கு வாயே கிடையாது — அதுவும் நான்தான்.
மீசைக்குப் போன் செய்தேன். "நீதான் குழந்தைன்னு உட்கார்ந்துட்டியேம்மா. வீணாப் போகக் கூடாதேன்னு போட்டேன்."
வீணாவா?
அந்த அடிமைத் தாய்கள் பறிகொடுத்தது பிள்ளைகளை. நான் பதினெட்டுப் பக்கம். ஒப்பிடக் கூடாது, தெரியும். ஆனாலும் வயிறு எரியுதே!

பிப்ரவரி 11
குட்டிக்கு ஜுரம் விட்டது. எனக்கு விடவில்லை.

பிப்ரவரி 13
மூன்றாவது படத்தை வேகமாக ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். பிள்ளையை ஏலம் விடும் காட்சி. 'வாங்குபவனின் பூட்ஸைக் காட்டுகிறார்கள், தாயின் முகத்தைக் காட்டத் துணியவில்லை' என்று எழுதியிருந்தேன். தப்பு! முகம் முழுசாக ஒரு நிமிடம் வருகிறது. அன்றைக்குப் பூட்ஸ் வந்ததுமே நான் தொட்டில் பக்கம் திரும்பியிருக்கிறேன். கண்ணை மூடியவள் நான், பழி இயக்குநர்மேல்.
மீசை படமே பார்க்கவில்லை. தப்போடு சேர்த்து அப்படியே விழுங்கியிருக்கான். மாட்டினான்.

பிப்ரவரி 20
27-ம் தேதி கருத்தரங்கில் இதையே வாசிக்கப் போகிறானாம். "வேணாம்மா, உன் பட்டம் அவர் கையில இருக்கு" என்கிறார் இவர்.
இருக்கட்டும். படத்தைப் பென் டிரைவில் ஏற்றியாச்சு.

பிப்ரவரி 27
முதல் வரிசையில் உட்கார்ந்தேன், மடியில் குட்டி. மீசை அந்தப் பூட்ஸ் வரியை வாசித்ததும் கையைத் தூக்கினேன். "சார், அந்தக் காட்சியைப் போட்டே பார்த்துடலாமா?"
போட்டார்கள். தாயின் முகம் திரை முழுக்க நின்றது. நான் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன வேர்வை!
"அது... குறிப்பெல்லாம் இந்தப் பொண்ணு எழுதினது. தப்பு அவளோடது."
எழுந்தேன். "ஆமா சார். தப்பு என்னோடதுதான். அந்தப் பதினெட்டுப் பக்கமும் என்னோடதுதான்."
பின்னால் யாரோ சிரித்தார்கள். துறைத் தலைவி சிரிக்கவில்லை. இதழை வாங்கி, மேலே இருந்த பெயரைச் சுற்றி வட்டம் போட்டார்.

மார்ச் 15
வேறு கைடு கொடுத்துவிட்டார்கள். கட்டுரை என் பெயரில் மறுபடி வருகிறது. அந்த ஒரு வரியைத் திருத்தித் தர வேண்டும்.
அந்த நிமிடத்தை நான் இதுவரை பார்க்கவே இல்லை. வீட்டில் வேகமாக ஓட்டிவிட்டேன், அரங்கத்தில் மீசையைப் பார்த்தேன். இன்று பார்த்தேன்.
அவள் அழவில்லை. கீழே குனிந்து, போகப்போகிற பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள்.
ஒரு வரி போதவில்லை. இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.