இருக்கிறேன் என்று சொல்லும் பொத்தான்

அன்புள்ள நம் பெரியவளின் அம்மாவுக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? நான் நலம். கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அதையே நம்பு.

இங்கே ஆலையில் கொதிகலனின் சூட்டையும் அழுத்தத்தையும் கணினியே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. கண்காணிப்பு அறையில் எனக்கு ஒரே வேலைதான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். ஆள் இருக்கிறேன் என்று பொத்தானை அழுத்த வேண்டும். இதற்கா பொறியியல் படித்தேன்?

செவ்வாய்க்கிழமை காலை லேசாகத் தலைசுற்றி நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். பொத்தானை அழுத்தாததால் ஆலை முழுக்கச் சங்கு ஊதியிருக்கிறது. எனக்கு வரவேண்டிய பதவியைத் தட்டிக்கொண்டு போன மேலாளன்தான் முதலில் ஓடிவந்தான்.

"என்ன சார், இப்படிப் பயமுறுத்துறீங்க? காலையில சாப்பிடலையா?" என்று தன் டீயை எனக்குப் புகட்டினான்.

அவனை இன்னும் மன்னிக்கவில்லை. டீயை மட்டும் குடித்தேன்.

ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பு. உன் அண்ணனிடம் சொல்லாதே, சிரிப்பான்.

இன்னொன்று. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனில் ஒருமுறை கூப்பிடு. பேச வேண்டாம், உனக்கும் வேலை இருக்கும். நான் உடனே துண்டித்தால், இருக்கிறேன் என்று அர்த்தம்.

மணி அடிக்கிறது, அழுத்த வேண்டும்.

உன் வீட்டுக்காரன்